மர்ம காய்ச்சல் இல்லீங்க... உண்ணி காய்ச்சல்! வடலூர் முந்திரி தோப்பில் ஒளிந்திருக்கும் கண்ணுக்கு தெரியாத எதிரி

வடலூர்:

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பனி இறங்க ஆரம்பித்தால் போதும். வடலூர், குறிஞ்சிப்பாடி, நெய்வேலி பகுதியில் எந்த ஆஸ்பத்திரிக்கு போனாலும் காய்ச்சல் கூட்டம்தான். சீட்டு வாங்க வரிசை, ஊசி போட வரிசை, ரத்தம் கொடுக்க வரிசை. டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று ரிசல்ட் வரும். ஆனால் காய்ச்சல் மட்டும் விடாது.

உடனே பத்திரிகைகளில் "மர்ம காய்ச்சல்: பொதுமக்கள் பீதி" என்று தலைப்பு வரும். இந்த நிருபரும் அப்படி பலமுறை எழுதி அனுப்பியவன்தான். மர்மம் என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது, மேற்கொண்டு யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் அந்த மர்ம காய்ச்சலில் ஒரு பங்குக்கு பெயர் இருக்கிறது. பரிசோதனை இருக்கிறது. மாத்திரையும் இருக்கிறது, அதுவும் விலை குறைந்த மாத்திரை. அது தெரியாமல்தான் உயிர் போகிறது.

டாக்டர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணி காய்ச்சல்.

2025 ஜனவரியில் தமிழக பொது சுகாதாரத்துறையே இதற்காக தனியாக சுற்றறிக்கை அனுப்பி டாக்டர்களை உஷார்படுத்தியது. அன்று ஒரு நாள் எல்லா டி.வி.யிலும் செய்தி ஓடியது. மறுநாள் வேறு செய்தி வந்துவிட்டது.

அத்தைக்கு நடந்தது

இதை எழுத காரணம் என் அத்தை. சொந்தக்கதை என்று நினைக்க வேண்டாம். இந்த பக்கத்தில் முந்திரி தோப்பு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய கதை இது.

மார்கழி கடைசியில் தோப்பில் களை வெட்டி, மரத்தடி சருகை கூட்டி குவிக்கும் வேலைக்கு அத்தை போனார். முந்திரி கொட்டை விழ ஆரம்பிப்பதற்குள் தரை சுத்தமாக இருக்கணும், இல்லாவிட்டால் கொட்டை பொறுக்க முடியாது. வேலை முடிந்து பத்து நாள் கழித்து காய்ச்சல். சாதாரண காய்ச்சல் இல்லை. தலையை சம்மட்டியால் அடிக்கிற மாதிரி வலி, உடம்பு முழுக்க முறுக்கல், கண் சிவந்துவிட்டது.

பக்கத்தில் ஒரு கிளினிக். ஊசி. இரண்டு நாள் கழித்து இன்னொரு ஊசி. மூன்றாவது தடவை போனபோது டைபாய்டு என்று சொல்லி அதற்கு மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் ஒரு டிகிரி கூட இறங்கவில்லை. எட்டாவது நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒன்பதாவது நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "காட்டு வேலை, தோப்பு வேலை எதுக்காவது போனீங்களாம்மா?" அடுத்து சிஸ்டரை கூப்பிட்டு திரையை மூடச்சொல்லி உடம்பை பார்க்க சொன்னார். பாவாடை நாடா கட்டும் இடத்தில், இடுப்புக்கு பின்பக்கம், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்பு பொருக்கு. சுற்றி சிவப்பு வளையம். அத்தைக்கே அது இருப்பது தெரியாது. வலி இல்லை, அரிப்பும் இல்லை.

அந்த பொருக்கை பார்த்த உடனே டாக்டரம்மா ரத்த ரிசல்ட்டுக்கு காத்திருக்காமல் மருந்தை ஆரம்பித்துவிட்டார். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. ஒன்பது நாள் ஊசியில் நடக்காதது இரண்டு நாளில் நடந்தது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதலில் பார்த்த இடத்திலும் நல்ல எண்ணத்தில்தான் மருந்து கொடுத்தார்கள். விஷயம் என்னவென்றால், சாதாரணமாக காய்ச்சலுக்கு போடும் பென்சிலின் வகை, செபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக் எதுவும் இந்த கிருமியை தொடாது. இந்த கிருமி நம் உடம்பின் செல்லுக்கு உள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும் ரகம். விலை உயர்ந்த ஊசி என்பதால் வேலை செய்துவிடாது. டாக்சிசைக்ளின் என்ற பழைய மாத்திரைதான் இதற்கு எமன். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுக்கிறார்கள்.

மாட்டு உண்ணி அல்ல!

இங்கேதான் பெரிய குழப்பம். உண்ணி காய்ச்சல் என்று சொன்னவுடன் ஜனங்கள் மாட்டு தொழுவத்தை பார்க்கிறார்கள். வீட்டு நாயை கட்டிப்போட்டு காதை திருப்பி பார்க்கிறார்கள். ஒருவர் என்னிடமே, "மாட்டை வித்துப்புடலாமா தம்பி?" என்று கேட்டார்.

மாட்டில் தொங்கும் உண்ணி வேறு, இது வேறு. மாட்டு உண்ணி கண்ணுக்கு தெரியும், ரத்தம் குடித்தால் ஆமணக்கு கொட்டை மாதிரி உப்பும். அது மாட்டுக்கு காய்ச்சல் கொண்டு வரும், பாலை குறைக்கும், அது தனி தொல்லை. ஸ்க்ரப் டைபஸ் கொண்டு வருவது மைட் என்ற வேறொரு நுண்ணிய பூச்சி. அதிலும் பெரிய பூச்சி கடிப்பதில்லை. முட்டையில் இருந்து வந்த குட்டி மட்டும்தான் கடிக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு சைஸ். ஊசி முனையில் வைத்தால் கூட தேடணும்.

அந்த குட்டி புல் நுனியில் ஏறி கூட்டமாக காத்திருக்கும். எலியோ, பெருச்சாளியோ, மூஞ்சூறோ உரசிக்கொண்டு போனால் ஒட்டிக்கொள்ளும். மனிதன் அதன் கணக்கிலேயே இல்லை. வழி தவறி நம் மேல் ஏறிவிடுகிறது. ஏறினால் நேராக துணி இறுக்கமாக இருக்கும் இடம், மடிப்பு இருக்கும் இடம் தேடி போகும். இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள், மார்புக்கு கீழே, காதுக்கு பின்னால். ஆயுசுக்கு ஒரே ஒரு தடவைதான் இப்படி ஒட்டி உறிஞ்சும். பிறகு மண்ணில் விழுந்து வளர்ந்து, சின்ன பூச்சிகளையும் அவற்றின் முட்டையையும் தின்று பிழைத்துக்கொள்ளும்.

ஒரே ஒரு தடவை கடிக்கும் என்றால், கிருமி அதற்கு எங்கிருந்து வந்தது? தாயிடம் இருந்து! தாய் பூச்சியின் முட்டை வழியாகவே கிருமி குட்டிக்கு போய்விடுகிறது. பிறக்கும்போதே விஷத்தோடு பிறக்கிறது. அதனால்தான் எலியை மட்டும் ஒழித்தால் இந்த நோய் ஒழியாது. கிருமியின் பெட்டகம் எலி இல்லை, பூச்சியேதான். எலி அதற்கு சோறு போடும் வீடு, அவ்வளவே. (வள்ளலார் ஊரில் உட்கார்ந்து எலி மருந்து வையுங்கள் என்று எழுத எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. நல்லவேளை, அதை முதல் யோசனையாக எழுத வேண்டிய அவசியம் இல்லை.)

அப்படியானால் பெரிய உண்ணியால் மனிதனுக்கு ஆபத்தே இல்லையா? இருக்கிறது. கர்நாடகத்தில் சிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் 1957-ல் குரங்குகள் கொத்து கொத்தாக செத்து விழுந்தன. அடுத்து மனிதர்களுக்கு ரத்தக்கசிவு காய்ச்சல். காரணம் காட்டு உண்ணி. குரங்கு காய்ச்சல் என்று பெயர் வாங்கிய அந்த நோய் பல ஆண்டுகள் அந்த பக்கத்திலேயே இருந்தது. 2012-க்கு பிறகு பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவா என்று மேற்கு தொடர்ச்சி மலை நெடுக தலைகாட்டிவிட்டது. குஜராத்தில் 2011 ஜனவரியில் கிரிமியன் காங்கோ காய்ச்சல் என்ற இன்னொரு உண்ணி நோய் வந்து, சிகிச்சை கொடுத்த டாக்டரும் நர்சுமே பலியானார்கள். நாய் உண்ணி மூலம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை தடிப்பு போடும் ஒரு டைபஸ் காய்ச்சலும் நம் நாட்டில் உண்டு. ஆகவே மாட்டில், நாயில் இருக்கும் உண்ணியை நகத்தில் வைத்து நசுக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. ஆனால் நம்ம ஊர் பயம் முதலில் புதருக்குத்தான் இருக்க வேண்டும்.

ஏன் இந்த பகுதி?

வடலூரை சுற்றி ஒரு தடவை வண்டியில் போய்ப்பாருங்கள். ஒரு பக்கம் முந்திரி தோப்பு. ஒரு பக்கம் நெல் வயல், வாய்க்கால், ஏரிக்கரை. நெய்வேலி பக்கம் திரும்பினால் சுரங்கத்தில் தோண்டி கொட்டிய மண் மலை மலையாக நிற்கிறது, அதன் மேல் செடி கொடி. வீட்டு மனை என்று கல் நட்டு பத்து வருடமாக யாரும் வீடு கட்டாத நகர்கள். ரயில் பாதை ஓரம் சீமை கருவேலம்.

காடாக இருந்த இடத்தை விட, காட்டை வெட்டிவிட்டு அப்படியே போட்ட இடத்தில்தான் இந்த பூச்சி செழிக்கும். ஸ்க்ரப் என்றாலே புதர்க்காடு என்றுதான் அர்த்தம். இந்த பெயரே மலேயாவில் இருந்து வந்தது. 1920-களில் அங்கே எண்ணெய்ப்பனை தோட்டம் போட காட்டை அழித்த இடங்களில் கூலிகளுக்கு இந்த காய்ச்சல் அடித்தது. அந்த காலத்தில் மலேயா தோட்டங்களுக்கு கப்பலேறி போனவர்களில் நம்ம பக்கத்து சனங்களும் உண்டு என்பதை நினைத்தால் என்னவோ செய்கிறது. இரண்டாம் உலகப்போரில் அசாம், பர்மா காட்டில் சண்டை போட்ட சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இதே காய்ச்சலில் படுத்தார்கள். முதன் முதலாக மருந்து வேலை செய்கிறது என்று நிரூபித்ததும் மலேயாவில்தான். 1948-ல் கோலாலம்பூரில் குளோராம்பெனிகால் கொடுத்து பார்த்தார்கள், காய்ச்சல் பறந்தது.

அதற்கு பிறகு உலகமே இதை மறந்துவிட்டது. மருந்து வந்துவிட்டது, நோயும் போய்விட்டது என்று நினைத்தார்கள். நோய் எங்கேயும் போகவில்லை. பரிசோதனை செய்வதைத்தான் நிறுத்தினோம். தமிழ்நாட்டில் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தது 2001 கடைசியில், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில். குளிர் மாதங்களில் வந்த புரியாத காய்ச்சல்களில் ஒரு பகுதி ஸ்க்ரப் டைபஸ் என்று அங்கே கண்டுபிடித்தார்கள்.

அதே சி.எம்.சி. டாக்டர்கள் லண்டன் நிபுணர்களோடு சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2025-ல் வெளியானது. வேலூர் பக்கத்து 37 கிராமங்களில் சுமார் 32 ஆயிரம் பேரை 2020 ஆகஸ்டு முதல் 2022 ஜூலை வரை தொடர்ந்து கவனித்தார்கள். 328 பேருக்கு உண்ணி காய்ச்சல் உறுதியானது. 5 பேர் இறந்தார்கள். அதைவிட ஆச்சரியமான தகவல்: அந்த கிராமங்களில் 100 பேருக்கு 8 முதல் 10 பேர் வரை ஒவ்வொரு ஆண்டும் இந்த கிருமி தொற்றுகிறது. அதில் பெரும்பாலானவர்களுக்கு காய்ச்சலே வருவதில்லை. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர்களை மட்டும் எடுத்தால், கிட்டத்தட்ட 10-ல் 3 பேருக்கு காரணம் இதுதான்!

அது வேலூர் கணக்கு. கடலூர் மாவட்டத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் நெல், எலி, புதர், வடகிழக்கு மழை என்று பார்த்தால் அங்கே இருப்பது எல்லாம் இங்கேயும் இருக்கிறது. இங்கே முந்திரி கூடுதல்.

இன்னொரு விசித்திரம். இந்த பூச்சி ஊர் முழுக்க பரவி இருக்காது. திட்டு திட்டாக இருக்கும். ஒரு வரப்பில் ஆயிரக்கணக்கில், நாலு வரப்பு தள்ளி ஒன்று கூட இருக்காது. அதனால்தான் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்காரருக்கு மட்டும் காய்ச்சல் வரும், பக்கத்து வீட்டுக்காரர் ஜாலியாக இருப்பார். ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்கு இது ஒட்டாது. நோயாளியை தனியாக வைக்க வேண்டாம், தட்டு டம்ளரை பிரிக்க வேண்டாம்.

மழை முடிந்து புல் முளைக்கும். புல்லோடு பூச்சி பெருகும். சம்பா பயிர் முற்றும்போது எலி பெருகும், அறுப்பு முடிந்ததும் எலி வரப்பை விட்டு வீட்டு பக்கம் திரும்பும். ஐப்பசி தொடங்கி மாசி வரை இந்த கூட்டணி நடக்கும். நம்ம தைப்பூசமும் அதே சமயத்தில்தான் வருகிறது. ஏழு திரை விலக்கி ஜோதி தரிசனம் காண லட்சக்கணக்கில் வருகிற ஜனங்களில் நிறைய பேர் சபை பெருவெளியில்தான் இரவு படுக்கிறார்கள். அவர்களை பயமுறுத்த வேண்டாம். கூட்டம் மிதிக்கும் இடத்தில் புதர் நிற்காது. ஆனால் ஓரத்து புல்லில் வெறும் துண்டை விரித்து படுப்பதற்கு பதிலாக தடிமனான பாய், தார்ப்பாய் விரிக்கலாம். புதர் மறைவில் ஒதுங்குவதை தவிர்க்க போதுமான கழிப்பறைகளை விழா ஏற்பாட்டாளர்கள் வைத்தாலே பாதி கவலை தீரும்.

புகை அடித்து பயன் இல்லை

காய்ச்சல் என்றதும் நகராட்சி வண்டி வந்து கொசு மருந்து புகை அடித்துவிட்டு போகும். 2021-ல் பேரூராட்சியில் இருந்து நகராட்சியாக உயர்ந்த பிறகு வண்டி சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறது. டெங்கு கொசுவுக்கு அது சரி. புல் அடியிலும் மண்ணிலும் கிடக்கும் இந்த பூச்சிக்கு அந்த புகை தூசிக்கு சமம். கொசுவுக்கு ஒரு பார்வை, புதருக்கு ஒரு பார்வை என்று இரண்டும் வேண்டும். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ஆஸ்பத்திரி சுற்றி உள்ள புதரை ஐப்பசிக்கு முன்பே வெட்டுவது பெரிய செலவு இல்லை. காலி மனைக்காரர்களுக்கு நோட்டீஸ் விடலாம். மனைக்காரர் சென்னையிலோ துபாயிலோ இருப்பார், புதர் பக்கத்து வீட்டு குழந்தைக்கு பாதகம் செய்யும்.

பரிசோதனை விஷயத்திலும் ஒரு சிக்கல். ஐ.ஜி.எம். எலிசா என்ற ரத்த பரிசோதனை காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் நெருங்கினால்தான் தெளிவாக காட்டும். மூன்றாம் நாளே எடுத்து நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. எனவே டாக்டரின் கண்ணும் கேள்வியும்தான் முதல் பரிசோதனை. அதற்கு நோயாளியும் ஒத்துழைக்கணும். நம்ம பெண்கள் உடம்பில் இருக்கும் பொருக்கை டாக்டரிடம் காட்ட கூச்சப்படுகிறார்கள். அத்தையும் அப்படித்தான். "காய்ச்சலுக்கும் இடுப்புல இருக்கறதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று பிறகு என்னிடம் கேட்டார். பொருக்கு எல்லோருக்கும் வராது. ஆனால் இருந்துவிட்டால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. டாக்டரிடம் கூச்சமாக இருந்தால் சிஸ்டரிடம் சொல்லலாம். அதற்கும் முன்னால் வீட்டில் பொம்பளைகளே ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துக்கொள்ளலாம்.

தாமதம்தான் இதில் கொலையாளி. முதல் வாரத்தில் மாத்திரை விழுந்துவிட்டால் பெரும்பாலும் வீட்டில் இருந்தே குணமாகிவிடும். இரண்டாவது வாரம் தொட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று கிருமி ரத்தக்குழாய் வழியாக எல்லா இடத்திலும் கை வைக்கும். அப்போது செலவு லட்சத்தில். சிகிச்சையே இல்லாமல் விட்டால் சில இடங்களில் 100-க்கு 30 பேர் வரை இறந்ததாக கணக்கு உண்டு. முற்றிப்போன நோயாளிகளுக்கு ஒரு மருந்து போதாது, டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் நல்ல பலன் என்று 794 நோயாளிகளை வைத்து இந்திய டாக்டர்கள் நடத்திய ஆய்வு 2023-ல் உலக அளவில் பேசப்பட்டது. தடுப்பூசி இதுவரை கிடையாது.

இதை படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் போய் டாக்சிசைக்ளின் கேட்காதீர்கள். எல்லா காய்ச்சலும் உண்ணி காய்ச்சல் இல்லை. டெங்குவும் இதே சீசனில்தான் வருகிறது, எலிக்காய்ச்சலும் வருகிறது. டாக்டரிடம் போய் "தோப்புக்கு போனேன், வயலுக்கு போனேன்" என்று நீங்களாக சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள். வேலைக்கு போய் மூன்று வாரம் வரைக்கும் காய்ச்சல் வரலாம் என்பதால், "அது அப்பவே போனது, அதுக்கும் இதுக்கும் என்ன" என்று விட்டுவிட வேண்டாம்.

அத்தை குணமாகி அடுத்த மாதமே மறுபடி தோப்புக்கு போய்விட்டார். கொட்டை விழுகிற நேரத்தில் வீட்டில் உட்கார சொன்னால் கேட்பாரா? இப்போது சேலைக்கு மேல் மாமாவின் பழைய முழுக்கை சட்டை. சோறு சாப்பிட புல்லில் உட்காருவதில்லை, உர சாக்கை மடித்து போட்டுக்கொள்கிறார். கழற்றின துணியை செடி மேல் போடுவது நின்றுவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அடுப்பு பக்கம் கூட போகாமல் நேராக குளியல், துணி அப்படியே வெந்நீரில். மாமா டீ கேட்டு கத்தினால் உள்ளே இருந்து ஒரே பதில்தான் வருகிறது: "இருய்யா... மொதல்ல பூச்சிய எறக்கிட்டு வாரேன்!"